சிங்கப்பிடரிக் காளானும் ஒரு படுக்கையறை ஆய்வுகூடமும்

மறதிநோய்க்கு நல்லதென்ற விளம்பரத்துடன் 'லயன்ஸ் மேன்' எனும் காளான் மாத்திரைகள் உலகெங்கும் விற்பனையாகின்றன. வயதான பெற்றோரைப் பராமரிக்கும் நம்மவர் சிலர் இதுபற்றி என்னிடம் கேட்டதுண்டு. செய்தியின் ஊற்றுக்கண்ணைத் தேடுவது பத்திரிகைக்காரனின் வழக்கம். தேடியபோது, போர்க்கால இத்தாலியின் படுக்கையறையொன்றில் போய் நிற்க நேர்ந்தது.

1938 இல் முசோலினி அரசின் இனச்சட்டங்கள் யூதர்களைப் பல்கலைக்கழகங்களிலிருந்து வெளியேற்றின. அவ்வாறு பதவியிழந்தவர்களுள் ஒருவர் ரீட்டா லெவி மொன்டால்சினி என்ற இளம் மருத்துவர். தூரின் நகரிலிருந்த தம் வீட்டுப் படுக்கையறையையே அவர் ஆய்வுகூடமாக்கினார். கோழிமுட்டைக் கருவே ஆய்வுப்பொருள். தையல் ஊசிகளைத் தீட்டிக் கருவியாக்கிக்கொண்டார். 1947 இல் அமெரிக்கா சென்ற அவர், 1950களில் நரம்பு வளர்ச்சிக் காரணி என்னும் புரதத்தைக் கண்டறிந்தார். அதற்காக 1986 இல் ஸ்டான்லி கோஹனுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

நினைவாற்றலுக்கு வேண்டிய சில நரம்புக் கலங்களும் இப்புரதத்தை நம்பியே இருக்கின்றன. அப்படியாயின் அதனையே ஊசிமூலம் ஏற்றிவிடலாமே என்று தோன்றும். ஆனால், இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையேயுள்ள தடுப்பைக் கடக்க இயலாத பெரிய மூலக்கூறு அது. எனவே, மூளையே அதனைக் கூடுதலாக உண்டாக்கும்படி தூண்டவல்ல சிறு மூலக்கூறுகளை விஞ்ஞானிகள் தேடலாயினர்.

யப்பானில் ஒரு காளானில் அவை அகப்பட்டன. யமபுஷி எனப்படும் மலைத்துறவிகளின் ஆடைக் குஞ்சத்தை ஒத்திருப்பதால் அதற்கு யமபுஷிடாகே என்று பெயர். சீனர்கள் குரங்குத்தலை என்கின்றனர், சமைத்தும் உண்கின்றனர். (என் கண்ணுக்கு அது வெள்ளைத் தும்புக்கட்டாகவே தெரிகிறது!) ஷிசுவோகா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹிரோகாசு கவாகிஷி குழுவினர் 1991 இல் இக்காளானிலிருந்து ஹெரிசினோன்களையும், 1994 இல் அதன் பூசண இழைகளிலிருந்து எரினாசின்களையும் பிரித்தெடுத்தனர். ஆய்வுகூடத்தில் வளர்த்த சுண்டெலி மூளைக் கலங்களில் அவை அப்புரதத்தின் உற்பத்தியைத் தூண்டின.

மனிதரில்? 2009 இல் யப்பானிய ஆய்வொன்று வெளியானது. 50 முதல் 80 வயது வரையிலான 30 பேர் அதில் பங்குபற்றினர். பாதிப்பேருக்கு நாளொன்றுக்கு 3 கிராம் காளான் மாத்திரை. ஏனையோருக்கு வெற்று மாத்திரை. 16 வாரங்களில் காளான் உட்கொண்டோரின் நினைவுத்திறன் புள்ளிகள் உயர்ந்தன. நிறுத்தி 4 வாரங்கள் சென்றதும் அவை மீண்டும் இறங்கின. உயர்ந்த கதையை விளம்பரங்களில் கண்டேன்; இறங்கிய கதையை ஒன்றிலும் காணவில்லை. அந்த 30 பேரும் இலேசான நினைவுக்குறைவு உடையவர்களேயன்றி, முற்றிய மறதிநோயாளர் அல்லர் என்பதையும் அவை சொல்வதில்லை.