மனோராவுக்குக் கிழக்கே ஆவுளியா

தஞ்சையை நெற்களஞ்சியம் என்றே எண்ணிப் பழகிய வரலாற்று நூல்கள், கல்லணையையும் பெரிய கோயிலையும் வாய்க்கால் பாசனத்தையும் விரிவாகப் பேசிவிட்டு, அதிராம்பட்டினத்திலிருந்து மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் வழியாகக் கட்டுமாவடி நோக்கி இறங்கும் கடற்கரையை ஓரிரு வரிகளில் கடந்துவிடுவது வழக்கம். அக்கரையை ஒட்டிக் கிடக்கும் பாக் விரிகுடா, 1763 முதல் 1767 வரை சென்னையில் ஆளுநராக இருந்த ராபர்ட் பாக்கின் பெயரைத் தாங்கிய, சராசரி ஆழம் பத்து மீட்டரைக்கூட எட்டாத, அலை அடங்கிய கடல். வெயில் அடித்தரை வரை இறங்குவதால் அங்கே கடல்புல் செழித்து வளர்கிறது. கடல்புல் பாசி வகையைச் சேர்ந்ததன்று. வேரும் தண்டும் பூவும் காயும் உடைய, நிலத்தில் தோன்றிப் பின்னர்க் கடலுக்குள் குடியேறிய தாவரம். இந்தியக் கடல்களில் அதை மேய்ந்தே வாழும் பாலூட்டி ஒன்றுதான் உண்டு. நூல்கள் கடற்பசு என்று குறிக்கும் அவ்விலங்கு மீனவர் வழக்கில் ஆவுளியா.

ஆவுளியா நுரையீரலால் மூச்சுவிட்டு, குட்டி ஈன்று, முன்துடுப்புகளின் கக்கத்தில் அமைந்த காம்புகளால் பாலூட்டுவது. நிலவாழ் விலங்குகளில் அதற்கு நெருங்கிய உறவு யானை. மூன்று மீட்டர் நீளமும் நானூறு கிலோ எடையும் எட்டக்கூடிய அது, தடித்த மேலுதட்டால் கடல்புல்லை வேரோடு பெயர்த்துத் தின்றபடியே நகர்வதால், அது மேய்ந்த இடத்தில் ஏறத்தாழ ஒரு சாண் அகலத்துக்கு வெறுந்தரை வளைந்து வளைந்து ஓடும்; நீர் தெளிந்த நாளில் விலங்கு கண்ணில் படாவிட்டாலும் இந்த மேய்ச்சல் தடத்தைக் கொண்டே அது வந்துபோனதை அறியலாம். எழுபது ஆண்டு வரை வாழக்கூடியதாயினும் அதன் சினைக்காலம் பதின்மூன்று மாதத்துக்குக் குறையாது; ஓர் ஈற்றுக்கும் அடுத்த ஈற்றுக்கும் இடையே மூன்று முதல் ஏழு ஆண்டுகள் கழியும். ஆகவே ஆண்டுக்கு ஓரிரு தாய் விலங்குகள் வலையில் மாண்டாலே ஒரு சிறு கூட்டம் மெல்ல மெல்ல அழிந்துபோகும்.

டெல்டாக் கரையின் உயிரினங்களை ஐரோப்பிய அறிவியல் முறைப்படி சேகரித்துப் பெயரிடும் பணி, டேனியர் வசமிருந்த தரங்கம்பாடியில் வேரூன்றியது. அங்கே 1768ஆம் ஆண்டில் மருத்துவராக வந்து சேர்ந்த யோகான் கெர்ஹார்ட் கோனிக், ஒவ்வோர் உயிருக்கும் பேரினம், சிற்றினம் என இரு சொற்களால் பெயரிடும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸின் மாணவர். அவரை அடுத்து இத்துறையில் ஈடுபட்ட லுத்தரன் குருமார்களுள் ஒருவரான கிறிஸ்டோஃப் சாமுவேல் யோன், கரையில் கிடைத்த மீன்களைப் பதப்படுத்தி, பெர்லினில் மருத்துவராக இருந்த மீனியல் அறிஞர் மார்க்கஸ் புளோக்குக்கு அனுப்பிவந்தார். அந்நன்றிக்குப் புளோக் ஒரு மீன் பேரினத்துக்கு ஜோனியஸ் என்று பெயர் வைத்தார். இன்றும் நாகப்பட்டினம் மீன் கடைகளில் கூறுகட்டி விற்கப்படும் கத்தாளை மீன்களுள் சில அப்பேரினத்தைச் சேர்ந்தவையே. இப்பணியின் பெருமையைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. ஆயினும் மீன் எதைத் தின்கிறது, எங்கே முட்டையிடுகிறது, எப்பருவத்தில் எந்த இடத்தில் வலையில் படுகிறது என்பவற்றைத் தினந்தோறும் கண்டவர்கள் அதைப் பிடித்துக் கொடுத்தவர்கள். கப்பலேறியது பெரும்பாலும் உடல் மட்டுமே.

இதே காலத்துக்குச் சற்றுப் பின்னர்த் தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி, நூல்களோடு விலங்கு, பறவை ஓவியங்களையும் ஆர்வத்துடன் சேர்த்தவர். அவர் மல்லிப்பட்டினத்துக்கு அருகே எழுப்பிய எட்டு நிலை மனோரா, நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதைக் கொண்டாடும் நினைவுச் சின்னம். ஐரோப்பியப் போர் ஒன்றுக்காக எழுந்த அக்கோபுரத்தின் காலடியில், இந்தியாவில் ஆவுளியா மிகுதியாக எஞ்சியிருக்கும் மேய்ச்சல் நிலங்களுள் ஒன்று பரந்து கிடப்பது அரசருக்கு ஒரு பொருட்டாக இருந்திராது.

ஆவுளியாவைப் பற்றிய எழுத்துக் குறிப்புகள் பெரும்பாலும் தெற்கே மன்னார் வளைகுடாவையும் இலங்கைக் கரையையும் சார்ந்தே தொடங்குகின்றன. இலங்கையில் பணியாற்றிய எமர்சன் டெனன்ட் 1861இல் வெளியிட்ட இயற்கை வரலாற்று நூலில் மன்னார்க் கரையின் ஆவுளியாவைக் குறிப்பிட்டார். பின்னாளில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரான நெல்சன் அன்னண்டேல் 1905இல் அதன் உடலமைப்பையும் பழக்கங்களையும் பற்றி எழுதினார். 1947இல் நிறுவப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், 1959இல் பிடிபட்ட ஒரு ஜோடியை மண்டபத்தில் தொட்டியில் இட்டுப் பல ஆண்டுகள் வளர்த்தது. உயிருள்ள ஆவுளியாவை அறிஞர்கள் நாள்தோறும் கவனித்தது ஏறக்குறைய அப்போதுதான்.

இக்காலம் முழுவதும் ஆவுளியா இறைச்சிக்காகவும் எண்ணெய்க்காகவும் பிடிபட்டுக்கொண்டிருந்தது. ஆனால் பருத்தி நூல் வலையும் பாய்மர வள்ளமும் இருந்தவரை அதன் அளவு ஓர் எல்லைக்குள் நின்றது. 1960களில் நைலான் வலையும் விசைப்படகின் இழுவைமடியும் பரவியபின் நிலைமை மாறியது: அறுபடாத நைலானில் சிக்கிய விலங்கு மூச்சுவிட மேலே வர முடியாமல் மூழ்கிச் சாகும், கடலடியை வாரிக்கொண்டு போகும் மடியோ அது மேயும் புல்லையே பெயர்த்துவிடும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஆவுளியாவை முதல் அட்டவணையில் வைத்து வேட்டையைத் தடைசெய்தது. அதனால் இறைச்சி மறைவில் விற்கப்பட்டதே தவிர வலையில் சாவது நின்றபாடில்லை. 1985இல் ஈ. ஜி. சைலஸும் பாஸ்டியன் பெர்னாண்டோவும் எழுதிய ஆய்வுக் கட்டுரையின் தலைப்பே, மொரீஷியஸ் தீவில் மறைந்த டோடோ பறவையின் வழியில் இந்திய ஆவுளியாவும் போகிறதா என்று வினவியது. அவ்வினாவுக்கு ஏற்ற நடவடிக்கை வரக் கால் நூற்றாண்டு ஆனது: 2008இல் இந்தியா பன்னாட்டு ஆவுளியாப் பாதுகாப்பு உடன்பாட்டில் கையெழுத்திட்டது, 2010இல் நடுவண் அரசு ஒரு பணிக்குழுவை அமைத்தது.

உண்மையான திருப்பம் அதற்குப் பின் கரையில் நிகழ்ந்தது. டேராடூனிலுள்ள இந்திய வனவிலங்கு நிறுவனம் மீனவர்களையே கண்காணிப்பாளர்களாக இணைத்து, அவர்களுடைய பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை வழங்கி, ஆவுளியா தென்படும் இடங்களைப் பற்றிய செய்திகளைத் திரட்டியது. வலையை அறுத்து விலங்கை உயிரோடு விடுவித்தவர்களுக்கு வனத்துறை பரிசளித்துப் பாராட்டியது. வலை அறுந்தால் அது அந்தக் குடும்பத்துக்கு நேரும் நட்டம் என்பதை அரசு ஒப்புக்கொண்டதாகவே இதைக் கொள்ள வேண்டும். தஞ்சை மாவட்டக் கரையில் இயங்கும் ஓம்கார் அறக்கட்டளை, மூங்கில் சட்டங்களில் தேங்காய் நார்க் கயிற்றைக் கட்டி, அதில் கடல்புல் நாற்றுகளைப் பிணைத்து, அழிந்த திட்டுகளில் மூழ்கி நட்டுவருகிறது. 2022 செப்டம்பரில் தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பு நாட்டின் முதல் ஆவுளியாப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. அப்போது நாடு முழுவதும் ஏறத்தாழ 240 ஆவுளியாக்களே எஞ்சியிருப்பதாக அரசு கணித்தது.

அதே ஆண்டு டிசம்பரில், இந்தியப் பெருங்கடலின் மறுகரையான கிழக்கு ஆப்பிரிக்காவில் வாழும் ஆவுளியாக்கள் அழிவின் விளிம்பில் இருப்பவையாக உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தால் வகைப்படுத்தப்பட்டன. அப்பெருங்கரையில் ஓரளவு தழைத்து நிற்கும் கூட்டம் மொசாம்பிக் நாட்டின் பசரூட்டோ தீவுக்கூட்டத்தைச் சுற்றி மட்டுமே உள்ளது. அங்கும் செவுள் வலையே முதற்பகை. 1971இலேயே அத்தீவுகள் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை என்பதையும் நோக்க, வரைபடத்தில் எல்லைக்கோடு போடுவது மட்டும் இவ்விலங்கைக் காத்துவிடாது என்பது புலனாகும்.

பாக் விரிகுடாவில் வரையப்பட்ட கோடு தேசியப் பூங்காவின் கோடு அன்று. பாதுகாப்பகம் என்பது 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வனவிலங்குச் சட்டத்தில் நுழைந்த தனி வகை; மக்களின் தொழிலை அப்புறப்படுத்தாமல், அவர்களைக் கலந்து அமைக்கப்படுவது. அதன் மேலாண்மைக் குழுவில் எல்லைக்குட்பட்ட ஒவ்வோர் ஊராட்சிக்கும், இயற்கை அமைப்புகளுக்கும், வேளாண் துறைக்கும், கால்நடைத் துறைக்கும் அச்சட்டம் இடம் ஒதுக்கியது. காட்டையும் வயலையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்ட அந்தப் பிரிவில் மீன்வளத் துறையின் பெயர் இல்லை. ஆனால் கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் இழுவைமடி கூடாது என்று விதிக்கும் 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டத்தை நிறைவேற்ற வேண்டியது அத்துறைதான். ஆவுளியா மேயும் ஆழமற்ற புல்வெளிகளில் பெரும்பகுதி கிடப்பதும் அந்த மூன்று மைலுக்குள்தான்.