டெரா ஹேர்ட்ஸ் ஒளியும் கிராஃபீனும்: எதைக் காட்டும், எதைக் காட்டாது?

"மண்ணுக்குள்ள கிடக்கிற மிதிவெடியைத் தோண்டாமலே காட்டுற ஒளி ஒன்று வந்திட்டுதாம், உண்மையோ?" கண்ணிவெடி அகற்றல் பற்றி எழுதுவதால் இந்தக் கேள்வியை நான் அடிக்கடி எதிர்கொள்கிறேன். மக்கள் குறிப்பிடும் அந்த ஒளி, டெரா ஹேர்ட்ஸ் கதிர். அதைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

எந்த ஒளி?

நுண்ணலைக்கும் செந்நிறக் கீழ்க்கதிருக்கும் இடைப்பட்டது இது. மீடிறன் ஏறத்தாழ 0.1 முதல் 10 டெரா ஹேர்ட்ஸ் வரை. அலைநீளம் 3 மில்லிமீற்றரில் இருந்து 0.03 மில்லிமீற்றர் வரை. துணி, கடதாசி, பிளாஸ்டிக் போன்ற உலர்ந்த பொருட்களை ஊடுருவும். எக்ஸ் கதிரைப் போல அணுக்களில் இருந்து இலத்திரன்களைப் பிய்த்தெடுக்கும் சக்தி இதற்கில்லை. உலோகத்தில் பட்டுத் தெறிக்கும். நீர் இதை வேகமாக உறிஞ்சிவிடும்.

கிராஃபீன் ஏன்?

இந்த ஒளியை விரைவாகக் கூட்டிக் குறைக்கும் கருவிகளைச் செய்வது நீண்டகாலச் சிக்கல். வானொலிக்கான இலத்திரனியல் இந்த மீடிறனில் திணறும். சாதாரண ஒளிக்கான உத்திகளும் இங்கே எடுபடுவதில்லை.

காபன் அணுக்கள் ஒரே ஓர் அடுக்காக அமைந்த தாளே கிராஃபீன். 2004இல் மன்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் அந்திரே கெய்மும் கொன்ஸ்தந்தின் நோவோசெலோவும் ஒட்டும் நாடாவால் பென்சில் கரியில் இருந்து இதை உரித்தெடுத்தார்கள். 2010இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு இருவருக்கும் கிடைத்தது.

கிராஃபீனில் சுதந்திரமாக ஓடும் இலத்திரன்கள் எவ்வளவு அதிகமோ, அவ்வளவுக்கு டெரா ஹேர்ட்ஸ் ஒளி தடுக்கப்படும். அருகில் ஒரு மின்வாய் வைத்து மின்னழுத்தத்தை மாற்றினால் இலத்திரன்களின் எண்ணிக்கை மாறும். தண்ணீர்க் குழாயைத் திருகுவதுபோல, மின்சாரத்தால் ஒளியைத் திருகலாம்.

2012இல் அமெரிக்காவின் நோட்டர் டேம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒற்றை அடுக்கால் ஒளியின் செறிவை ஏறத்தாழ 15 வீதம் மாற்றிக் காட்டினார்கள். பின்னால் உலோகப் பரப்பொன்றைச் சரியான தூரத்தில் வைத்தபோது, போகும் அலையும் தெறித்து வரும் அலையும் கிராஃபீன் இருக்கும் இடத்தில் ஒன்றையொன்று பலப்படுத்தின. மாற்றம் 64 வீதமாக உயர்ந்தது.

மிதிவெடியைக் காட்டுமா?

கேள்விக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. ஆர்.டி.எக்ஸ். வெடிமருந்து 0.8 டெரா ஹேர்ட்ஸ் அளவில் ஒளியைத் தனித்துவமாக உறிஞ்சும். ஆய்வுகூடத்தில் கடித உறைக்குள் இருந்தாலும் அதை அடையாளம் காணலாம். ஆனால் வன்னியின் ஈர மண் கடித உறை அல்ல. மண்ணில் உள்ள நீர் ஒளியை விழுங்கும். மணற்பருக்கைகள் அதைச் சிதறடிக்கும். கிராஃபீன் ஒளியை ஆளுமே தவிர, நீரின் இயல்பை மாற்றாது.

ஆகவே இத்தொழில்நுட்பத்தின் பயன் வேறு இடங்களில்: அதிவேகக் கம்பியில்லாத் தொடர்பாடல், பொதிகளைப் பரிசோதித்தல், மருந்துக் குளிசைகளின் பூச்சை அளத்தல் போன்றவை.

நமது காணிகளில் உலோகம் காட்டும் கருவியும் வாரியும், அவற்றைப் பிடித்திருக்கும் பெண்களினதும் ஆண்களினதும் பொறுமையும்தான் இன்றும் வேலை செய்கின்றன. ஏதோவொரு கருவி வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டு, சிவப்பு மண்டையோட்டுப் பலகையைத் தாண்டி யாரும் காலெடுத்து வைக்க வேண்டாம். காணி விடுவிக்கப்பட்டதாக அறிவிக்கப்படும் வரை அந்தப் பலகை சொல்வதே செல்லும்.