பத்துப் பட்டைகளில் ஒரு குரல்

கிராஃப்ட்வெர்க் குழுவின் எந்திரக் குரலைக் கேட்கும் பலரும், அது எழுபதுகளில் இசைக்காரர்கள் கண்டுபிடித்த வித்தை என்றே எண்ணுகிறார்கள். எனக்குச் சுவாரசியம் அதற்கு முந்தைய கதையில்தான்.

1928இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஹோமர் டட்லி என்ற பொறியாளர் தொடங்கிய வேலை அது. குறுகலான தொலைபேசித் தடத்தில் குரலை எப்படிச் சுருக்கி அனுப்புவது? தொண்டை வேகமாக அதிர்கிறது. நாக்கும் உதடும் மெதுவாகத்தானே அசைகின்றன! பேச்சின் பொருள் பெரும்பாலும் அந்த அசைவில்தான் இருக்கிறது என்றால் குரலை எதற்கு முழுசா அனுப்பணும்? டட்லி குரலைப் பத்து அதிர்வெண் பட்டைகளாக வடிகட்டினார். ஒவ்வொரு பட்டையிலும் சத்தம் எவ்வளவு கூடுது, குறையுது என்ற கணக்கும், சுருதியும் மட்டும் கம்பியில் போகும். மறுமுனையில் ஒரு ரீங்காரத்தையும் ஒரு சீறலையும் அதே போன்ற வடிகட்டிகள் வழியே விட்டால் பேச்சு பிறந்துவிடும். வோகோடர் அவ்வளவுதான்.

1939 நியூயார்க் உலகக் கண்காட்சியில் அதன் தங்கையான வோடர் பேசியது. இங்கே பட்டைகளைத் திறந்து மூடியவை பெண்களின் விரல்கள். பத்து விசைகள், மணிக்கட்டுக்கு ஒரு கட்டை, சுருதிக்கு ஒரு கால்மிதி. சரளமாகப் பேசவைக்க ஏறக்குறைய ஓராண்டுப் பயிற்சி. அவர்களில் பேர்போனவர் ஹெலன் ஹார்ப்பர். வரலாறு டட்லியைச் சொல்லும் அளவுக்கு இவரைச் சொல்வதில்லை. பியானோ கலைஞரைப் பெயரிட்டுப் பாராட்டுகிறோமே, இது மட்டும் என்ன குறைச்சல்?

பிறகு போர் வந்தது. 1943 ஜூலை 15 அன்று பென்டகனும் லண்டனும் சிக்சாலி என்ற ரகசியத் தொலைபேசியில் பேசின. லண்டன் முனை செல்ஃப்ரிட்ஜஸ் கடையின் நிலவறையில். கருவியின் எடை 50 டன்னுக்கும் மேல். வோகோடரின் எண்களோடு இசைத்தட்டில் பதிந்த இரைச்சலைக் கூட்டி அனுப்புவார்கள். இணைத் தட்டை வைத்து மறுமுனை அதைக் கழிக்கும். ஒருமுறை பயன்பட்ட தட்டை அழித்துவிடுவார்கள். 1976 வரை இந்த விஷயம் வெளியே வரவில்லை.

சொல் புரியும், சொல்கிற ஆளின் சாயல் தேய்ந்திருக்கும். இந்த இழப்பு சாதாரணமானதல்ல. 1995இல் ராபர்ட் ஷானனும் சகாக்களும் வெறும் நான்கு பட்டை இரைச்சலிலேயே பேச்சைப் புரிந்துகொள்ள முடியும் என்று காட்டினார்கள். காக்ளியர் கருவி பொருத்தியவர்கள் கேட்பதும் இதே போல் சில பட்டைகளில்தான். உரையாடல் அவர்களில் பலருக்குக் கைகூடுகிறது. பாட்டின் மெட்டுதான் பிடிபட மறுக்கிறது.