திட்டமிட்ட கொடை (அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள்)

ஒருவர் தம் சொத்து முழுவதுமோ அதன் ஒரு பகுதியோ தம் காலத்துக்குப் பின் ஒரு பல்கலைக்கழகத்தைச் சென்றடையுமாறு, உயிருடன் இருக்கும்போதே சட்டப்படி ஏற்பாடு செய்து வைப்பது திட்டமிட்ட கொடை எனப்படும். உயிலில் எழுதி வைக்கப்படும் சொத்து, எழுதியவர் இறந்த பிறகே கைமாறுகிறது. அதுவரை அவர் தம் எண்ணத்தை மாற்றிக்கொள்ளலாம். இது உயில்வழிக் கொடை. பணம், பங்கு, நிலம் ஆகியவற்றுள் ஒன்றைத் திரும்பப் பெற இயலாதவாறு இப்போதே ஒப்படைத்துவிட்டு, தாமோ தம் துணைவரோ உயிருள்ளவரை அதற்கு ஈடாக ஆண்டுதோறும் ஒரு தொகையைப் பெற்று வருவது வாழ்நாள் வருமானக் கொடை. முன்னது பழமையானது, பின்னது 19ஆம் நூற்றாண்டில் தோன்றி, 20ஆம் நூற்றாண்டின் வரிச் சட்டங்களால் இன்றைய வடிவத்தைப் பெற்றது.

அமெரிக்கா இவ்வழக்கத்தை இங்கிலாந்திடமிருந்து பெற்றது. ஏழாம் ஹென்றி மன்னரின் தாயார் மார்கரெட் போஃபர்ட் 1509இல் இறந்த பின், அவர் விரும்பியபடி கேம்பிரிட்ஜில் செயின்ட் ஜான்ஸ் கல்லூரி 1511இல் நிறுவப்பட்டதற்கு, அவருடைய உயிலை நிறைவேற்றும் பொறுப்பில் இருந்த பிஷப் ஜான் ஃபிஷரின் விடாமுயற்சியே காரணம். எலிசபெத் அரசியின் காலத்தில் இயற்றப்பட்ட 1601ஆம் ஆண்டுச் சட்டம், அறப்பணிகள் இவையெனப் பட்டியலிட்டபோது பள்ளிகளையும் பல்கலைக்கழக மாணவர்களுக்கான உதவியையும் அவற்றுள் சேர்த்ததால், கல்விக்கென எழுதப்படும் உயிலுக்கு உறுதியான சட்டப் பாதுகாப்பு கிடைத்தது.

மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1636இல் தொடங்கப்பட்ட கல்லூரி, 1638இல் முப்பது வயதில் இறந்த ஜான் ஹார்வர்டு என்னும் இளம் போதகர் வாய்மொழி உயிலாக அளித்த பாதிச் சொத்தையும் ஏறத்தாழ 400 நூல்களையும் பெற்று, மறு ஆண்டே அவர் பெயரைச் சூடிக்கொண்டது. 1764இல் நூலகம் தீக்கிரையானபோது, கட்டடத்துக்கு வெளியே இருந்த ஒரே ஒரு நூல் தவிர அவர் கொடுத்த அனைத்தும் அழிந்தன. ஆயினும் பெயர் நிலைத்தது. சென்னைக் கோட்டையின் ஆளுநராக 1687 முதல் 1692 வரை இருந்து பெருஞ்செல்வம் ஈட்டிய எலிஹு யேல் 1718இல் கனெக்டிகட் கல்லூரிக்கு அனுப்பிய துணிப்பொதிகளும் நூல்களும் உயிருடன் இருக்கும்போதே கொடுத்துவிடும் நேரடிக் கொடையைச் சேர்ந்தவை.

உயிலின் உள்ளார்ந்த வலுவின்மையை ஜார்ஜ் வாஷிங்டனின் இரு கொடைகள் தெளிவாகக் காட்டுகின்றன. வர்ஜீனியா சட்டமன்றம் அவருக்கு வழங்கிய இரு கால்வாய் நிறுவனங்களின் பங்குகளைத் தமக்கென வைத்துக்கொள்ள அவர் இசையவில்லை. ஜேம்ஸ் ஆற்று நிறுவனத்தின் 100 பங்குகளை 1796இல் லிபர்ட்டி ஹால் என்னும் சிறு கல்விக்கூடத்துக்குக் கொடுத்தார். இன்று வாஷிங்டன் அண்டு லீ பல்கலைக்கழகமாக விளங்கும் அந்நிறுவனம் நிலைபெற அதுவே அடித்தளமாயிற்று. பொட்டோமாக் நிறுவனத்தின் 50 பங்குகளையோ, தலைநகரில் நாட்டுக்கெல்லாம் பொதுவானதொரு பல்கலைக்கழகம் அமைய வேண்டுமென 1799ஆம் ஆண்டு உயிலில் எழுதி வைத்தார். அவற்றைப் பெற்றுச் செயற்படுத்த வேண்டிய அமைப்பு எதுவும் உருவாகவில்லை. நிறுவனம் நொடித்துப் பங்குகள் மதிப்பிழந்தன. கொடையாளரும் நோக்கமும் ஒன்றாகவே இருந்தும், பெற்றுக்கொள்ளும் கை இல்லாத உயில் வீணாயிற்று.

வாழ்நாள் வருமானக் கொடையின் முன்னோடி என்று கருதத்தக்க ஏற்பாடு 1831இல் யேல் கல்லூரியில் நிகழ்ந்தது. அமெரிக்க விடுதலைப் போரின் காட்சிகளைத் தீட்டிப் புகழ்பெற்ற ஓவியர் ஜான் டிரம்புல், எழுபத்தைந்து வயதில் கையில் பணமின்றி, விற்பனையாகாத ஓவியங்களோடு தனித்திருந்தார். தம் ஓவியத் தொகுப்பைக் கல்லூரிக்குக் கொடுத்துவிடுவதாகவும், அதற்கு ஈடாகக் கல்லூரி தமக்கு உயிருள்ளவரை ஆண்டுக்கு 1,000 டாலர் வழங்க வேண்டுமெனவும் அவர் ஒப்பந்தம் செய்துகொண்டார். மறு ஆண்டில் அவற்றுக்கென ஒரு கூடம் திறக்கப்பட்டது. காட்சிக் கட்டணமாகச் சேரும் வருவாய், அவர் காலத்துக்குப் பின் வறிய மாணவர்களின் படிப்புக்குச் செலவிடப்பட வேண்டுமென்பது ஏற்பாடு. டிரம்புல் 1843 வரை வாழ்ந்தார். முதியவர் ஒருவரின் பிழைப்பும் ஒரு கல்லூரியின் கலைச் செல்வமும் வறிய மாணவரின் கல்வியும் ஒரே உடன்படிக்கையில் இவ்வளவு நேர்மையாகப் பொருந்தியதற்கு வேறோர் எடுத்துக்காட்டைக் காண்பது அரிது.

அதே 1843இல் அமெரிக்க விவிலியச் சங்கம் இவ்வகை ஆண்டுத்தொகை ஒப்பந்தங்களை வழங்கத் தொடங்கியது. சமய அமைப்புகளும் கல்லூரிகளும் கொடையாளரை ஈர்க்க விகிதத்தைப் போட்டி போட்டு உயர்த்தினால், கடைசியில் அறப்பணிக்கு ஒன்றும் மிஞ்சாது என்ற அச்சம் பின்னர் எழுந்ததால், வயதுக்கேற்ற விகிதங்களைப் பரிந்துரைக்க 1927இல் ஒரு பொதுக் குழு அமைக்கப்பட்டது. கொடையாளர் இறக்கும்போது கொடுத்த தொகையில் ஏறத்தாழப் பாதியேனும் நிறுவனத்துக்கு எஞ்ச வேண்டும் என்பதே இன்றளவும் அப்பரிந்துரைகளின் அளவுகோல்.

பெரும் உயில்களின் காலம் உள்நாட்டுப் போருக்குப் பின் வந்தது. பால்டிமோர் வணிகர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் 1873இல் இறந்தபோது விட்டுச்சென்ற 70 லட்சம் டாலர் ஒரு பல்கலைக்கழகத்துக்கும் ஒரு மருத்துவமனைக்கும் பகிரப்பட்டு, 1876இல் வகுப்புகள் தொடங்கின. ஆனால் பல்கலைக்கழகத்தின் பங்கு பெரும்பாலும் ஒரே ரயில் நிறுவனத்தின் பங்குகளாக இருந்ததால், 1880களின் இறுதியில் அவற்றின் ஈவுத்தொகை நின்றபோது நிறுவனமே தடுமாறியது. டெக்சஸ் வணிகர் வில்லியம் மார்ஷ் ரைஸ், ஹூஸ்டனில் ஒரு கல்வி நிறுவனத்துக்கென 1891இல் சாசனம் பெற்றுத் தம் சொத்தை அதற்கு எழுதி வைத்திருந்தார். 1900இல் நியூயார்க்கில் அவருடைய வேலையாள், ஆல்பர்ட் பேட்ரிக் என்னும் வழக்கறிஞரின் தூண்டுதலால் அவரைக் கொன்றார். சொத்தின் பெரும்பகுதியை வழக்கறிஞருக்கே அளிப்பதாக ஒரு போலி உயில் வெளிப்பட்டது. ரைஸ் கையொப்பமிட்டதாகக் காட்டி வங்கிக்குக் கொண்டுவரப்பட்ட 25,000 டாலர் காசோலையில் ஆல்பர்ட் என்ற பெயரில் ஓர் எழுத்து விடுபட்டிருந்ததைக் கண்ட வங்கி ஊழியர் ஐயுற்றதால் சதி வெளிப்பட்டு, உண்மையான உயில் காக்கப்பட்டது. 1912இல் கல்லூரி திறந்தது.

கட்டணமின்றிக் கற்பிக்க வேண்டுமென்ற ரைஸின் சாசனம், வெள்ளையருக்கு மட்டுமே என்றும் வரையறுத்திருந்தது. தாராள மனமும் இனப் பாகுபாடும் ஒரே ஆவணத்தில் கலந்திருந்த இந்தக் கட்டுப்பாட்டை நீக்க நீதிமன்றம் 1964இல்தான் அனுமதித்தது. கொடையின் நிபந்தனை நிறைவேற்ற இயலாததாகும்போது, கொடையாளரின் நோக்கத்துக்கு இயன்றவரை நெருங்கிய வேறு பயனுக்கு அதைத் திருப்பும் அதிகாரம் நீதிமன்றங்களுக்கு உண்டு. சி-ப்ரே கோட்பாடு எனப்படும் இதன் வேரும் ஆங்கிலச் சட்டமே. சென்னையைச் சேர்ந்த, 1794இல் மறைந்த பச்சையப்ப முதலியார் கோயில் அறங்களுக்கென எழுதி வைத்த செல்வத்தில் எஞ்சியது, நெடிய வழக்குக்குப் பின் கல்விக்குத் திருப்பப்பட்டு 1842இல் பள்ளியாக மலர்ந்ததும் இவ்வழியில்தான்.

அமெரிக்கக் கூட்டரசு 1916இல் எஸ்டேட் வரி எனப்படும், இறந்தவர் விட்டுச்செல்லும் சொத்தின் மீதான வரியை விதித்தது. சில ஆண்டுகளில் அறக்கொடைக்கு அதிலிருந்து விலக்கு கிடைத்தது. வழக்கறிஞர் ஜான் ஸ்டெர்லிங் 1918இல் யேலுக்கு விட்டுச்சென்ற ஒன்றரைக் கோடி டாலர் நூலகமாகவும் சட்டக் கல்லூரிக் கட்டடமாகவும் உருப்பெற்றது. 1940களில் கலிபோர்னியாவின் பொமோனா கல்லூரி, வாழ்நாள் வருமானக் கொடையை நாளிதழ் விளம்பரங்கள் வழியே நடுத்தர வருவாயினரிடமும் கொண்டுசென்றது. பெருஞ்செல்வர் அல்லாதாரும் கல்விக் கொடையாளராக முடியும் என்பதை நிலைநாட்டியது இதுவே. இவ்வரலாற்றில் மிகப் பெரிய திருப்பமாக இதனையே கொள்ள வேண்டும்.

கொடையாளருக்கு வாழ்நாள் வருமானம் வழங்கி, எஞ்சியதைக் கல்லூரிக்கு விடும் அறக்கட்டளைகளில் முறைகேடும் வளர்ந்தது. கொடையாளர் முழு வரிச்சலுகை பெற்றுக்கொண்டு, மூலதனத்தை அரித்துத் தமக்கு வருமானம் கூட்டும் வகையில் முதலீடு செய்ய வழி இருந்ததால், கல்லூரிக்கு எஞ்சியது சுருங்கியது. 1969ஆம் ஆண்டு வரிச் சீர்திருத்தச் சட்டம் இதை அடைத்தது. அதன்படி, எச்ச அறக்கட்டளை எனத்தக்க அமைப்பு ஒன்று கொடையாளருக்கு மாறாத தொகையை வழங்க வேண்டும்; அல்லது ஆண்டுதோறும் மதிப்பிடப்படும் சொத்தில் குறித்த விழுக்காட்டை வழங்க வேண்டும். எவ்வகையாயினும் 5 விழுக்காட்டுக்குக் குறையலாகாது. காலம் வாழ்நாளாகவோ 20 ஆண்டுகளுக்கு மேற்படாததாகவோ இருக்க வேண்டும். பலருடைய சிறு கொடைகளை ஒன்றுசேர்த்து முதலிடும் கூட்டு வருமான நிதிக்கும் அச்சட்டமே இடமளித்தது. பொது விகிதங்களைப் பின்பற்றுவது போட்டித் தடைச் சட்டத்தை மீறுவதாக 1990களில் டெக்சஸில் வழக்கு எழவே, காங்கிரஸ் 1995இல் விலக்கு அளித்தது. 2022ஆம் ஆண்டுச் சட்டம், எழுபதரை வயது நிறைந்தோர் தம் ஓய்வூதியச் சேமிப்பிலிருந்து 50,000 டாலர் வரை வாழ்நாளில் ஒருமுறை வாழ்நாள் வருமானக் கொடையாக மாற்ற வழிசெய்தது.

அறக்கட்டளை வழங்கும் வருமானத்துக்கு அதிலுள்ள சொத்து மட்டுமே பிணை. ஆண்டுத்தொகை ஒப்பந்தத்துக்கோ பல்கலைக்கழகத்தின் மொத்த உடைமையும் பிணை. நிறுவனம் நொடித்தால் முதியவரின் வருமானமும் நின்றுவிடக்கூடும் என்பதால், நியூயார்க், கலிபோர்னியா முதலிய மாநிலங்கள் இவ்வொப்பந்தங்களுக்கென உரிமம் பெறுவதையும் தனி இருப்பு நிதி வைப்பதையும் கட்டாயமாக்கியுள்ளன.