நாடோடி மன்னன் ஸ்டில் எப்போ பொதுச் சொத்தாகும்?

1977 தேர்தலில் எங்க அருப்புக்கோட்டையில் நின்று ஜெயித்துத்தான் எம்.ஜி.ஆர். முதல்வரானார். அதனால் உதாரணத்துக்கு அவர் தயாரித்து இயக்கிய ‘நாடோடி மன்னன்’ (1958) படத்தையே எடுத்துக்குவோம்.

சினிமாவுக்குக் காப்புரிமை, வெளியான வருடம் முடிந்ததிலிருந்து 60 ஆண்டு. ஆக 2018 டிசம்பரோடு முடிஞ்சுது. அந்தப் படத்திலிருந்து ஒரு ஃப்ரேமை எடுத்து அச்சிட்டால் காப்புரிமைச் சட்டம் தடுக்காது.

ஆனா விளம்பர ஸ்டில் என்பது அந்த ஃப்ரேம் இல்லை. செட்டில் ஸ்டில் போட்டோகிராபர் தனி கேமராவில் எடுத்தது. அதற்குக் கணக்கே வேற. 1957ஆம் வருடச் சட்டம் அமலுக்கு வந்தது 1958 ஜனவரி 21. அதற்கு முன்னால் எடுத்த நெகட்டிவுக்குப் பழைய சட்டப்படி 50 ஆண்டுதான். அது எப்பவோ பொதுச் சொத்து. பிறகு எடுத்தவற்றுக்கு, வெளியானதிலிருந்து 60 ஆண்டு என்றிருந்ததை 2012 திருத்தம் நீக்கிவிட்டது. இப்போ, எடுத்தவர் இறந்தபின் 60 ஆண்டு. படம் விடுதலையாகியும் அதன் ஸ்டில் சிறையில் இருப்பது இப்படித்தான்.

இதில் ஒரு வேடிக்கை. வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், காசு கொடுத்து எடுக்கச் சொன்ன தயாரிப்பாளருக்கே உரிமை. காலத்தை அளப்பது மட்டும் போட்டோகிராபரின் ஆயுளை வைத்து. அவர் பெயர் பல ஸ்டில்களில் கிடையாது. பெயர் தெரியாமல் இறந்த வருடம் தெரியாது. அது தெரியாமல் கணக்கு முடியாது.

உங்க வீட்டுப் பரணில் பழைய ஸ்டில் கிடந்தால் திருப்பிப் பாருங்க. பின்பக்கம் ஸ்டுடியோ முத்திரையோ பென்சிலில் எழுதிய பெயரோ இருந்தால், அதையும் சேர்த்து ஸ்கேன் பண்ணுங்க. முகத்தை விட அந்த முதுகுதான் முக்கியம்.