சங்கிலியிலிருந்து கைவேலைக்கு: மனநோயுற்றோர் மீட்சியின் வரலாற்றில் ஓர் ஏடு

1790-ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் யார்க் நகரிலிருந்த மனநோயாளர் காப்பகத்தில் ஹன்னா மில்ஸ் என்னும் விதவை மரித்தார். லீட்ஸ் நகரத்தவரான அவர், குவேக்கர்கள் எனப்படும் நண்பர் சங்கத்தின் உறுப்பினர். காப்பகத்தில் சேர்க்கப்பட்ட சில வாரங்களுக்குள் அவருடைய வாழ்வு முடிந்தது. அந்நாட்களில் அவரைக் காணச் சென்ற சங்கத்தாருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. தங்கள் சகோதரி எவ்வாறு நடத்தப்பட்டார் என்பதை அவர்கள் அறியவே முடியவில்லை. இந்தத் துயரத்திலிருந்து பிறந்த பணியே இக்கட்டுரையின் பொருள்.

1. யார்க் ரிட்ரீட்

வில்லியம் டியூக் (1732–1822) மருத்துவர் அல்லர், தேயிலை வணிகர். மனநோயுற்ற தம் மக்களுக்கு ஓர் இல்லம் தேவை என்று 1792-இல் அவர் தம் சங்கத்தாரிடம் வலியுறுத்தினார். 1796-இல் ‘ரிட்ரீட்’ என்னும் இல்லம் திறக்கப்பட்டது. ஏறத்தாழ முப்பது பேர் தங்குவதற்கென அது அமைக்கப்பட்டது. சாளரங்களின் இரும்புச் சட்டங்கள் மரச்சட்டங்களைப் போலத் தோன்றும்படி செய்யப்பட்டன. முற்றங்களில் முயல்களும் கோழிகளும் வளர்க்கப்பட்டன. நோயாளிகள் நல்லாடை உடுத்தி, விருந்தினரைப் போலத் தேநீர் அருந்த அழைக்கப்பட்டனர்.

முதல் மருத்துவரான தாமஸ் ஃபௌலர், இரத்தம் வெளியேற்றல், பேதி மருந்து முதலிய அக்கால முறைகளைச் சோதித்துப் பார்த்தார். வெதுவெதுப்பான நீராடலைத் தவிரப் பெரும்பாலானவற்றால் பயன் சிறிதே எனக் கண்டு, அதை நேர்மையுடன் ஒப்புக்கொண்டார். ஆகவே இல்லத்தார் வேறு வழியை நாடினர். கனிவான உறவு, ஒழுங்கான அன்றாட வாழ்வு, பொருத்தமான வேலை என்பனவே அவ்வழி. பெண்கள் தையலிலும் பின்னலிலும் வீட்டுப்பணியிலும் ஈடுபட்டனர். ஆண்கள் தோட்டத்திலும் நிலத்திலும் உழைத்தனர். டியூக்கின் பேரன் சாமுவேல் டியூக் 1813-இல் வெளியிட்ட நூலில், ஒருவர் தம்மைத் தாமே அடக்கிக்கொள்ளக் கற்கும் வழிகளுள் ஒழுங்கான வேலையே மிகுந்த பலன் தருவதாகக் குறிப்பிட்டார். அந்நூல் பழைய காப்பகத்தின் நிலையைக் குறித்துப் பெரும் விவாதத்தை எழுப்பியது. 1815-இல் நாடாளுமன்றக் குழு நாட்டின் மனநோயாளர் காப்பகங்களை விசாரிக்க நேர்ந்தது.

பிரான்சிலும் இதே காலத்தில் இத்தகைய மாற்றம் நிகழ்ந்தது. பிசேத்ர் காப்பகத்தில் சங்கிலிகளைக் கழற்றியவர் மருத்துவர் பீனெல் என்று பலரும் எழுதுவர். உண்மையில் 1797-இல் அதைச் செய்தவர், அங்கே கண்காணிப்பாளராக இருந்த ழான் பத்தீஸ்த் புசென். இவர் மருத்துவப் பட்டம் பெற்றவர் அல்லர்.

2. ஒரு வீழ்ச்சி

இவ்வரலாற்றைத் துதிப்பாடலாக மட்டும் வாசித்தலாகாது. ரிட்ரீட்டிலும் கட்டுப்பாட்டு உடைகள் சிற்சில வேளைகளில் பயன்பட்டன. இரும்புச் சங்கிலிக்குப் பதிலாக அங்கே குற்றவுணர்வு என்னும் சங்கிலி பூட்டப்பட்டது என்று பிரெஞ்சு அறிஞர் மிஷேல் ஃபூக்கோ 1961-இல் குற்றஞ்சாட்டினார். அன்பின் பெயரால் ஆளுகை செய்ய முடியும் என்பதைத் திருச்சபையார் அறியாதவர் அல்லர். ஆதலால் இக்குற்றச்சாட்டை எளிதாகத் தள்ளிவிட இயலாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காப்பகங்கள் பெருத்தன; நூற்றுக்கணக்கானோர் அவற்றில் நெருக்கியடைக்கப்பட்டனர். வேலை தொடர்ந்தது; ஆனால் அதன் நோக்கம் மாறிற்று. சலவைக்கூடத்திலும் பண்ணையிலும் நோயாளி உழைத்தது பெரும்பாலும் நிறுவனத்தின் செலவைக் குறைப்பதற்காக ஆயிற்று. யாருக்காக இந்த வேலை என்ற கேள்வி மறக்கப்பட்டபோது, மருந்தாக இருந்தது சுமையாயிற்று.

3. புதிய தொடக்கம்

அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஜார்ஜ் எட்வர்ட் பார்ட்டன் காசநோயால் வாடியவர், கால்விரல்களை இழந்தவர், உடலின் இடப்புறம் செயலிழந்தவர். நியூயார்க் மாநிலத்துக் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் மருத்துவமனையில் அவருக்கு ஆலோசனை தந்தவர் ஓர் ஆயர். அவர் பாஸ்டன் நகரின் இம்மானுவேல் ஆலயத்தில் 1906-இல் மருத்துவரோடு இணைந்து குணமாக்கும் பணியைத் தொடங்கிய எல்வுட் வொர்ஸ்டர். தச்சுவேலையாலும் தோட்டவேலையாலும் தம் உடலைப் பழக்கிய பார்ட்டன், 1914-இல் அவ்வூரிலேயே ‘கன்சொலேஷன் ஹவுஸ்’, அதாவது ஆறுதல் இல்லம், ஒன்றைத் திறந்தார். 1917 மார்ச் 15-இல் அங்கே கூடிய சிலர், தொழில்வழிச் சிகிச்சையை வளர்ப்பதற்கான தேசியச் சங்கத்தை நிறுவினர். மனநல மருத்துவர் வில்லியம் ரஷ் டன்ட்டனும், எலனர் கிளார்க் ஸ்லேகிளும் அவர்களுள் இருந்தனர்.

இங்குத் ‘தொழில்’ என்பது பிழைப்புக்கான வேலை மட்டுமன்று. குளித்தல், சமைத்தல், நெய்தல், விளையாடுதல், ஓய்தல் என ஒருவரின் நாளை நிரப்பும் யாவுமாகும். மனநல மருத்துவர் அடால்ஃப் மையர் 1922-இல் வெளியான கட்டுரையில் இதை விளக்கினார். வேலை, விளையாட்டு, ஓய்வு, உறக்கம் ஆகியவற்றின் சமநிலை குலைவதே பல மனநோய்களில் காணப்படுவதாகவும், அச்சமநிலையைச் செய்து பழகியே மீட்க இயலும் என்றும் அவர் கருதினார். நோயாளிக்கு வேலையை விதிப்பதைவிட, வாய்ப்பை அளிப்பதே அவருடைய நோக்கு.

இந்தியாவில் இத்துறைக்கு வித்திட்டவர் கமலா நிம்ப்கர். அமெரிக்கக் குவேக்கர் குடும்பத்தில் எலிசபெத் லண்டியாகப் பிறந்த அவர், 1950-இல் பம்பாயில் முதல் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். யார்க்கில் மூண்ட சுடர் இவ்வாறு நம் நாட்டையும் அடைந்தது.

4. நமக்குரிய கேள்வி

2001 ஆகஸ்டு 6-இல் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்ப வழியின்றி மாண்டனர். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுதலை முற்றிலும் தடைசெய்தது. இதை ஒரு சமயத்தாரின் குறையென எண்ணி நாம் ஒதுங்கிவிடலாகாது. ஜெபத்திற்கென நம்மிடம் கொண்டுவரப்படும் மனநோயாளியின் கையில் கட்டு இருக்குமாயின், முதலில் நாம் செய்வது யாது?

மாற்கு 5-ஆம் அதிகாரத்தில், சங்கிலிகளால் கட்டியும் அடங்காதிருந்த மனிதனை ஆண்டவர் சந்திக்கிறார். அவனோடு பேசுகிறார், பெயரைக் கேட்கிறார். அவன் தெளிவடைந்த பின், தன்னோடு வைத்துக்கொள்ளாமல் அவன் வீட்டாரிடத்திற்கே அனுப்புகிறார். அங்கே செய்வதற்கு ஒரு பணியையும் தருகிறார். பெயர், வீடு, பணி ஆகிய இம்மூன்றும் சேர்ந்ததே மீட்சி.

மருந்தின் தேவையை இவ்வரலாறு மறுக்கவில்லை. மருத்துவரிடம் அனுப்புவதும் ஆயரின் கடமையே. ஆனால் மருத்துவமனையிலிருந்து திரும்புபவருக்குச் சபையில் என்ன இடம் உண்டு? பாய் விரிக்கவும், மலர் கட்டவும், பாடல் குழுவில் நிற்கவும் அவரை அழைக்கிறோமா? அல்லது கடைசி இருக்கையில் அமர்த்தி, இரக்கத்தோடு மறந்துவிடுகிறோமா? ஹன்னா மில்ஸைக் காணச் சென்றவர்கள் வாசலில் தடுக்கப்பட்டார்கள். நம் வாசலைக் காப்பவர்கள் நாமே.