கணினியோடு ஒப்பந்தம் போட்டவர்கள்

கணினியை எதிர்த்துக் கொடி பிடித்த குமாஸ்தா நம் நடுத்தர வர்க்கத்தின் நினைவில் ஒரு கேலிச் சித்திரமாகவே தங்கிவிட்டார். காலத்தின் போக்கு தெரியாதவர், சங்கத்தின் பேச்சைக் கேட்டு நாட்டையே பின்னுக்கு இழுத்தவர் என்பது அவரைப் பற்றிய பொதுத் தீர்ப்பு. மென்பொருள் துறையில் வேலை பார்ப்பவர்களிடம் இந்தத் தீர்ப்பு இன்னும் சற்று அழுத்தமாகவே விழும். அவர்களில் எத்தனையோ பேருடைய அப்பாவோ பெரியப்பாவோ அந்த வங்கிக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் என்பது வேறு விஷயம். இப்போது செயற்கை நுண்ணறிவு அதே மென்பொருள்காரரின் மேசைக்கு வந்திருக்கிறது. இந்த நேரத்தில் பழைய வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், கேலிச் சித்திரத்தில் விடுபட்டுப்போன பாதி கண்ணில் படுகிறது. எதிர்த்தவர்கள் கடைசிவரை எதிர்த்துக்கொண்டே இருக்கவில்லை. நிர்வாகத்தோடு உட்கார்ந்து, எந்திரம் என்ன நிபந்தனையில் உள்ளே வரலாம் என்று எழுதி வாங்கினார்கள். எந்திரத்தின் வரவைவிட அந்த நிபந்தனைகளே அவர்களுடைய வாழ்க்கையைத் தீர்மானித்தன என்று நினைக்கிறேன். அவர்களைக் கேலி செய்த தலைமுறையின் கையில் அப்படி ஒரு தாள்கூட இல்லை.

சண்டை எல்.ஐ.சி.யில் தொடங்கியது. ஆயுள் காப்பீடு 1956ல் தேசியமயமானபோது பிறந்த அந்நிறுவனம் 1960களில் கணினிகளை வாங்க முனைந்தபோது, அகில இந்திய இன்சூரன்ஸ் ஊழியர் சங்கம் ஆட்டோமேஷன் எதிர்ப்பை நாடு தழுவிய இயக்கமாக்கியது. கல்கத்தாவில் இலாக்கோ ஹவுஸ் கட்டடத்தில் எந்திரம் வைக்கவிருந்தார்கள். ஊழியர்கள் அதன் வாசலில் இரவும் பகலும் முறைவைத்துக் காவல் இருந்தார்கள். எந்திரத்தை நிறுவ முடியவில்லை. படித்த இளைஞர்கள் வேலைவாய்ப்பு அலுவலக வரிசையில் நின்ற காலம் அது. பத்துப் பேர் வேலையை ஓர் எந்திரம் செய்யும் என்ற பேச்சு எந்த வீட்டில் விழுந்தாலும் வயிற்றைக் கலக்கியிருக்கும். மத்திய அரசும் இதை வெறும் சங்கக் கூச்சலாக ஒதுக்கவில்லை. பொருளாதார அறிஞர் வி.எம். தாண்டேகர் தலைமையில் ஆட்டோமேஷன் பற்றி ஆராய ஒரு குழுவே அமைத்தது. அந்தக் குழுவின் அறிக்கை 1972ல் வந்தது. ஒரு தொழில்நுட்பம் வருவதற்கு முன்பே வேலையிழப்பைப் பற்றி அரசு ஆற அமர விசாரித்தது என்பது, இன்றைக்குப் பார்த்தால், வேறு ஏதோ நாட்டுச் செய்தி போல இருக்கிறது.

வங்கிக் கதை இதைவிடச் செறிவானது. அந்த வேலை எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். சேமிப்புக் கணக்கில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் லெட்ஜரில் ஒரு பக்கம். காசோலையோ பணம் எடுக்கும் சீட்டோ கவுண்டருக்கு வந்தால் டோக்கனைக் கொடுத்துவிட்டு, குமாஸ்தா பக்கத்தைத் தேடி, இருப்பைக் கழித்து எழுதி அதிகாரியிடம் நகர்த்துவார். அவர் கையெழுத்தைச் சரிபார்த்த பிறகே கேஷியரிடம் போகும். ஜூனிலும் டிசம்பரிலும் வட்டி போடும் காலம் வந்துவிட்டால் கிளையே தூங்காது. மாதத்தின் 10ஆம் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் இடையே இருந்த குறைந்தபட்ச இருப்பை ஒவ்வொரு மாதத்துக்கும் எடுத்து, ஆறு மாதத்தையும் கூட்டி, வட்டி கணக்கிட்டு, கணக்குக் கணக்காக எழுத வேண்டும். எல்லா லெட்ஜரின் கூட்டுத்தொகையும் பொது லெட்ஜரோடு ஒத்துப்போக வேண்டும். சில பைசா உதைத்தாலும் அதைத் தேடிப் பிடிக்கிறவரை விளக்கு அணையாது. 1969ல் 14 வங்கிகள் தேசியமயமாகி, கிராமங்களுக்குள் கிளைகள் பெருகி, கணக்குகள் மலைபோல் குவிந்தபோது இந்த முறை மூச்சுத்திணறியது. அதைக் குமாஸ்தாக்களே நன்கு அறிவார்கள். முதுகு ஒடிந்தது அவர்களுக்குத்தான்.

1983 செப்டம்பர் 8ஆம் தேதி இந்திய வங்கிகள் சங்கமும் அகில இந்திய வங்கி ஊழியர் சங்கமும் எந்திரமயமாக்கல் குறித்து ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. சி. ரங்கராஜன் தலைமையிலான ரிசர்வ் வங்கிக் குழு கிளைகளை எப்படிக் கணினிமயமாக்குவது என்ற திட்டத்தை 1984ல் கொடுத்தது. பிறகு 1987, 1993 என்று அடுத்தடுத்து ஒப்பந்தங்கள் வந்தன. எந்த வேலைக்கு எந்த எந்திரம், எந்த அளவு கிளையில் வைக்கலாம், அதில் உட்காருகிறவருக்கு என்ன தனி அலவன்ஸ் என்பதெல்லாம் வரி வரியாகப் பேசி முடிவானது. எந்திரத்தின் காரணமாக யாரையும் ஆட்குறைப்புச் செய்யக் கூடாது என்பதுதான் அவற்றின் முதுகெலும்பு. வங்கிக்காரர்கள் ‘ஏ.எல்.பி.எம்.’ என்று சொன்ன லெட்ஜர் எந்திரத்தின் முன் உட்கார்ந்தவர் வெளியிலிருந்து வந்த நிபுணர் அல்லர். நேற்றுவரை பேனாவால் அதே கணக்கை எழுதிய குமாஸ்தாதான் பயிற்சி பெற்று, அலவன்ஸும் பெற்று, அங்கே உட்கார்ந்தார். கையெழுத்துப் போட்டதையே சரணாகதி என்று வசைபாடியவர்கள் தொழிற்சங்க உலகில் இருந்தார்கள். நிர்வாகத் தரப்போ இதை முட்டுக்கட்டை என்றது. இரண்டு பக்கமும் திட்டு வாங்கிய ஒப்பந்தம் பொதுவாக அவ்வளவு மோசமாக இருப்பதில்லை.

மென்பொருள் தொழிலின் பிறப்பும் இதே லெட்ஜர்களுக்கு நடுவில்தான் நிகழ்ந்தது என்பதை அத்தொழிலில் இருப்பவர்கள் அதிகம் நினைத்துப் பார்ப்பதில்லை. 1968ல் தொடங்கிய டாடா கன்சல்டன்சி சர்வீசஸின் ஆரம்பகால வேலைகளில் ஒன்று, சென்ட்ரல் பாங்க் ஆஃப் இந்தியாவுக்குக் கிளைகளிடையிலான கணக்குகளை ஒத்துப்பார்த்துக் கொடுப்பது. மதுரைக் கிளையில் எடுத்த டிமாண்ட் டிராஃப்டுக்கு டெல்லிக் கிளை பணம் கொடுக்கிறது என்று வையுங்கள். இரண்டு பதிவும் தலைமை அலுவலகத்தில் ஒன்றையொன்று சந்திக்க வேண்டும். சந்திக்காதவை குவியும், மோசடியும் அந்தக் குவியலுக்குள்தான் ஒளிந்துகொள்ளும். அந்த அலுப்பூட்டும் வேலையைத் துளையட்டையும் நிரலும் செய்து முடித்தன. ஆக, அடுத்தவர் கைவேலையை எடுத்து எந்திரத்திடம் ஒப்படைப்பதே இந்தத் தொழிலின் முதல் சரக்கு. பின்னால் கடல் தாண்டி, அமெரிக்க மருத்துவமனைக் கணக்கு, காப்பீட்டு நிறுவனத்தின் உரிமைகோரல் என்று பெயர்கள் மாறின. சரக்கு மாறவில்லை. அமெரிக்கக் குமாஸ்தாவின் வேலை போனபோது இங்கே யாரும் அதை அநியாயம் என்று சொன்னதாகத் தெரியவில்லை. ‘உற்பத்தித்திறன்’ என்றுதான் சொன்னோம்.

இங்கே எழும் முதல் மறுப்பு வலுவானது. அந்த ஒப்பந்தங்களால் வாடிக்கையாளர் பட்ட பாடு கொஞ்சமா? டெல்லியில் ரயில் டிக்கெட் முன்பதிவு 1986லேயே கணினிக்கு வந்துவிட்டது; அரசு வங்கிகள் 1990களின் கடைசியிலும் லெட்ஜரைப் புரட்டிக்கொண்டிருந்தன. மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையர் என். விட்டல் 1998ல் தலையிட்டு, 2001 ஜனவரிக்குள் வணிகத்தில் 70 சதவீதம் கணினிக்கு மாற வேண்டும் என்று உத்தரவிட வேண்டியதாயிற்று. (மத்திய மின்னணுத் துறைச் செயலாளராக மென்பொருள் தொழில்நுட்பப் பூங்காக்களுக்கு வழிசெய்தவரும் இதே விட்டல்தான். ஒரே மனிதர் ஒரு தொழிலுக்குக் கதவைத் திறந்தார், இன்னொன்றைக் கதவைத் தாண்டித் தள்ளினார்.) தாமதம் உண்மை. அதன் விலையைக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்றவர்கள் கொடுத்தார்கள். ஆனால் தாமதம் என்ற அந்தப் பதினைந்து சொச்சம் ஆண்டுகளில் ஒரு தலைமுறை வேலையிழக்காமல் ஓய்வுபெறும் வயதை நெருங்கியது. 2000–01ல் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தபோது சுமார் ஒரு லட்சம் பேர் பணமும் ஓய்வூதியமும் வாங்கிக்கொண்டு வெளியே போனார்கள். வாடிக்கையாளரின் காத்திருப்பைக் கணக்கில் எழுதுகிறவர்கள் இதையும் எதிர்ப்பக்கத்தில் எழுத வேண்டும்.

அந்த ஒப்பந்தங்களுக்கு உண்மையான குறை ஒன்று இருந்தது, விமர்சகர்கள் சொன்னது அல்ல அது. உள்ளே இருந்தவரை அவை காப்பாற்றின. வாசலில் நின்றவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆட்குறைப்பு இல்லை என்று வாக்களித்த நிர்வாகம் புது ஆள் எடுப்பதைச் சத்தமில்லாமல் நிறுத்திக்கொண்டது. வங்கிப் பணி ஆட்சேர்ப்பு வாரியங்கள் 2001ல் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் பி.காம். முடித்து, தட்டச்சில் ஹையர் பாஸ் பண்ணி, வங்கித் தேர்வுக்குப் படித்த ஒரு வழி அதோடு அடைபட்டது. பக்கத்தில் இன்னொரு வழி அகலமாகத் திறந்திருந்தது. 1997ல் தமிழ்நாடு தகவல் தொழில்நுட்பக் கொள்கையை அறிவித்தது. 2000ல் தரமணியில் டைடல் பார்க் திறந்தது. பொறியியல் கல்லூரிகள் ஐந்நூறைத் தாண்டின. குமாஸ்தாவின் மகனும் மகளும் பழைய மாமல்லபுரம் சாலைக்கு வேலைக்குப் போனார்கள். சம்பளத்தில் அப்பாவைச் சில வருஷங்களில் தாண்டிய அவர்களுக்கு, அப்பாவின் சங்கம் எதற்கு என்று தோன்றியதில் வியப்பில்லை.

சங்கத்தின் இடத்தில் அவர்களுக்கு இருந்தது ராஜினாமாக் கடிதம். பிடிக்கவில்லையா, பேப்பர் போட்டுவிட்டு அடுத்த கம்பெனிக்குப் போ. முப்பது சதவீதம் ஹைக் கிடைக்கும். சந்தை வளர்ந்த வரையில் இது எந்தக் கூட்டு பேரத்தையும்விட வேகமான ஆயுதம், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் இது தனி ஆளின் ஆயுதம். வெளியே வேலை இருக்கிறவரைதான் வேலை செய்யும். அதிலும் பாதியை நிறுவனங்கள் மூன்று மாத நோட்டீஸ் என்ற ஏற்பாட்டால் மழுக்கிவிட்டன. ஃப்ரெஷருக்குக் கொடுக்கும் சம்பளம் பத்தாண்டுக்கும் மேலாக மூன்று, நான்கு லட்சத்தைச் சுற்றியே நிற்பதைப் பார்த்தால், இந்த ஆயுதம் நுழைவாயிலில் ஒருபோதும் வேலை செய்யவில்லை என்று தெரிகிறது. அப்ரைசல், பெஞ்ச், ‘லோ பெர்ஃபார்மர்’ என்ற சொற்களுக்குப் பின்னால் நடக்கும் ஆட்குறைப்பு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, மூடிய அறைக்குள் நடக்கிறது. பக்கத்து இருக்கைக்காரருக்கு அது அவரவர் திறமைக் குறைவாகத்தான் தெரியும்.

மென்பொருள் ஊழியர் தொழிலாளியே அல்ல, சட்டம் அவருக்குப் பொருந்தாது என்பது இரண்டாவது மறுப்பு. இதற்குச் சென்னையிலேயே பதில் இருக்கிறது. 2014–15ல் பெரிய அளவில் வேலைநீக்கச் செய்திகள் வந்தபோது, ஃபைட் என்ற ஊழியர் அமைப்பும் புதிய ஜனநாயகத் தொழிலாளர் முன்னணியும் களத்தில் இறங்கின. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் போனது. தொழில் தகராறு சட்டத்திலிருந்து ஐ.டி. நிறுவனங்களுக்கு விலக்கு எதுவும் இல்லை, ஊழியர்கள் சங்கம் வைக்கலாம் என்று தமிழ்நாடு அரசு 2016ல் தெளிவுபடுத்தியது. 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த அந்தச் சட்டத்தின் 9ஏ பிரிவு இன்னும் சுவையானது: ஆட்குறைப்புக்கு வழிவகுக்கக்கூடிய எந்திர மாற்றத்தையோ தொழில்முறை மாற்றத்தையோ கொண்டுவருவதற்கு முன் ஊழியருக்கு 21 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்றது அது. மேலாளர் பதவிப் பெயர் ஒட்டியவர்களை அந்தச் சட்டம் வெளியே நிறுத்தியது என்பது உண்மைதான். ஆனால் ‘மேனேஜர்’ என்று அட்டை தொங்கவிட்டுக்கொண்டு நாள் முழுக்க நிரல் திருத்துகிறவர் செய்வது என்ன வேலை என்பதை நீதிமன்றம் பெயரைப் பார்த்து முடிவு செய்வதில்லை. செய்யும் வேலையைப் பார்த்தே முடிவு செய்யும்.

மூன்றாவது மறுப்புதான் எனக்குக் கடினமாகப் படுகிறது. வங்கி ஊழியருக்கு எதிரே நின்றது ஓடிப்போக முடியாத அரசு முதலாளி. மென்பொருள்காரரின் உண்மையான முதலாளி நியூஜெர்சியிலோ லண்டனிலோ இருக்கும் வாடிக்கையாளர். சோழிங்கநல்லூரில் சங்கம் வைத்தால் வேலை மணிலாவுக்குப் போய்விடும். போகலாம். ஆனால் செயற்கை நுண்ணறிவால் மிச்சமாகும் உழைப்பு யாருக்குச் சேர வேண்டும் என்ற பேரம் ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஒப்பந்தம் புதுப்பிக்கும்போதெல்லாம் வாடிக்கையாளர் விலையைக் குறைக்கச் சொல்கிறார். நிறுவனம் தன் லாப விகிதத்தைக் காப்பாற்றப் பார்க்கிறது. மேசையில் இரண்டு நாற்காலி இருக்கிறது, வேலை செய்கிறவருக்கு மூன்றாவது இல்லை. 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியரில் இரண்டு சதவீதம், சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. இதற்குக் காரணம் செயற்கை நுண்ணறிவு அல்ல, திறன் பொருந்தாமைதான் என்று அதன் தலைமைச் செயல் அதிகாரி கே. கிருத்திவாசன் சொன்னார். அது முழு உண்மையாகவே இருக்கட்டும். எந்தத் திறன், யார் அளந்தது, கற்றுக்கொள்ள எவ்வளவு காலம் கொடுத்தது என்ற கேள்விகளை 1983 ஒப்பந்தக்காரர்கள் முதல் நாளே கேட்டிருப்பார்கள். நிலையான ஒற்றை முதலாளி இல்லாத தொழிலிலும் இப்படிக் கேட்க முடியும் என்பதற்கு ஹாலிவுட் சாட்சி. படத்துக்குப் படம் வேலை மாறும் அங்குள்ள திரைக்கதை எழுத்தாளர்கள் 2023ல் 148 நாள் வேலைநிறுத்தம் செய்து, எந்திரம் எழுதியதை எப்படிப் பயன்படுத்தலாம், எப்படிக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினார்கள்.

வங்கியில் பேரம் சாத்தியமானதற்கு ஒரு காரணம், வேலை எண்ணக்கூடியதாக இருந்தது. ஒரு கிளையில் ஒரு நாளைக்கு எத்தனை வவுச்சர் விழுகிறது என்று இரு தரப்புக்கும் தெரியும். எங்கே எந்திரம் தேவை என்பதை அதை வைத்துப் பேச முடிந்தது. நிரல் எழுதுவதை அப்படி எண்ண முடியாது என்று சொல்வார்கள். ஆனால் இத்துறையில் ஒவ்வொரு ஊழியரும் வாரம் தவறாமல் டைம்ஷீட் நிரப்புகிறார். எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் என்று அதில் பதிவாகிறது, பல ஒப்பந்தங்களில் அதை வைத்துத்தான் வாடிக்கையாளருக்குப் பில் போகிறது. செயற்கை நுண்ணறிவுக் கருவி வந்த பிறகு எட்டு மணி நேர வேலை எத்தனை மணி நேரமாகச் சுருங்கியது என்பதும் அங்கேதான் இருக்கிறது. வங்கியின் வவுச்சர் எண்ணிக்கை சங்கத்துக்கும் தெரிந்திருந்தது. டைம்ஷீட்டை நிரப்புகிறவருக்கு அவருடைய ஒரு வரி மட்டும்தான் தெரியும். மொத்தக் கூட்டல் நிறுவனத்திடம் இருக்கிறது, அதை இதுவரை எந்த ஊழியர் தரப்பும் மேசையில் வைக்கச் சொல்லிக் கேட்டு வாங்கவில்லை.